மலாக்காவில் மொழியும் முறைமையும்

மலாய் மொழியில் 'பஹாசா' என்றொரு சொல் வழங்குகின்றது. 'பாஷா' என்னும் வடசொல்லின் வழிவந்த அதற்கு மொழி என்பதே முதற்பொருள். ஆயினும் மலாய் மக்கள் அதனை நன்னடை, பணிவு, இடமறிந்து ஒழுகும் முறைமை என்னும் பொருளிலும் ஆள்வர். 'புத்தி' என்பதன் திரிபாகிய 'பூடி' என்னும் சொல்லை அதனோடு சேர்த்துப் 'பூடி பஹாசா' என்பர். அத்தொடர் நற்குணத்தையும் இன்சொல்லையும் ஒருங்கே குறிக்கும். ஒருவனைப் 'பஹாசா அறியான்' என்று இகழ்ந்தால், அவன் அயல்மொழியினன் என்பது பொருளன்று. அவையில் எங்கு நிற்பது, யாரை எவ்விடத்து வணங்குவது என்பன அறியாதவன் என்பதே பொருள். 'தமிழ்' என்னும் சொல்லுக்கு இனிமையையும் நீர்மையையும் பொருளாக உரைக்கும் பிங்கலந்தையைக் கற்றோர்க்கு இவ்வழக்கு வியப்பளிக்காது.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மலாக்கா அரசவையில் இவ்விகழ்ச்சி இருவர்மேல் கூறப்பட்டதாக மலாய் வரலாற்றுநூல் ஒன்று தெரிவிக்கின்றது. ஒருவன் போர்த்துகீசியக் கப்பல் தலைவன். மற்றவன் அந்நகரில் வாழ்ந்த தமிழ் வணிகன். கூறியவர் ஒருவரே. ஆனால், முன்னவன்மேல் கூறியது பொறுத்தருளும் சொல்லாகவும், பின்னவன்மேல் கூறியது நெஞ்சைப் பிளக்கும் சொல்லாகவும் அமைந்தன. இவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பல இனத்தார் கூடிவாழும் நகரில் ஒழுக்கமுறைகள் எவ்வாறு இயங்கின என்பதையும் இதன்வழி ஒருவாறு அறியலாகும்.

மலாக்கா கி. பி. 1400ஆம் ஆண்டை ஒட்டித் தோன்றிய நகரம். நூறு ஆண்டுகளுக்குள் அது கீழ்த்திசை வாணிகத்தின் நடுவிடமாயிற்று. மேற்கிலிருந்து வரும் பருவக்காற்றும் கிழக்கிலிருந்து வரும் பருவக்காற்றும் அவ்விடத்தே கலங்களைச் சந்திக்கச் செய்தன. ஒரு காற்றில் வந்தவன் மறுகாற்று வீசுமளவும் தங்கியாக வேண்டும். ஆதலின் அயலார் பல திங்கள் அந்நகரில் குடியிருந்தனர். சிலர் அங்கேயே நிலைத்தும் விட்டனர். 1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்த தொமே பிரெஸ் என்னும் போர்த்துகீசியர், அந்நகரில் 84 மொழிகள் வழங்கின என்று எழுதியுள்ளார். அவர் மருந்து வணிகத் தொழிலினர். ஆதலின் எண்ணிக் கூறும் இயல்பினர் எனலாம். அவரது நூலின் முழுப்படி 1937ஆம் ஆண்டில் பாரிசு நகரில் கண்டெடுக்கப்பட்டு, 1944இல் அச்சேறியது. 84 என்னும் தொகையை எழுத்துக்கெழுத்து நம்ப வேண்டுவதில்லை. எனினும் புகார் நகரில் பல மொழி பேசுவோர் கலந்து இனிது உறைந்தமை கூறும் பட்டினப்பாலையின் காட்சி, மலாக்காவில் மீண்டும் அமைந்தது என்பதில் ஐயமில்லை.

இத்தனை மக்களையும் ஒழுங்குபடுத்த மலாக்கா மன்னர் கண்ட வழி எளிது. சாபந்தர் எனப்படும் துறைமுகத் தலைவர் நால்வரை அவர் அமைத்தனர். குசராத்தியர்க்கு ஒருவர், சோழமண்டலக் கரையினர், வங்காளத்தார், பெகுவினர், பாசையர் ஆகியோர்க்கு ஒருவர், சாவகத்தார், மொலுக்கர் முதலிய தீவினர்க்கு ஒருவர், சீனர், சம்பா நாட்டார், இலியூக்கியூத் தீவினர்க்கு ஒருவர். கலம் கரை சேர்ந்ததும் அதன் தலைவன் தன் சாபந்தரிடம் செல்வான். சாபந்தர் அவனைப் பெண்டகாரா என்னும் தலைமை அமைச்சரிடம் அழைத்துச் செல்வார். பண்டசாலை ஒதுக்கித் தருவார். சரக்கேற்ற யானையும் வேண்டிக் கொடுப்பார். மேற்கிலிருந்து வந்தோர் நூற்றுக்கு ஆறு வீதம் சுங்கம் செலுத்தினர். கிழக்கிலிருந்து வந்தோர் சுங்கம் செலுத்தாது கையுறை மட்டும் அளித்தனர். கையுறை என்பது பெயரளவில் அன்பளிப்பே. அளவில் அது சுங்கத்தை ஒத்திருந்தது. முறைமைக்குச் சுங்கத்தின் வேலையையும் செய்யும் ஆற்றல் அந்நகரில் இருந்தது என்பது இதனால் புலனாகும். பெண்டகாரா என்பதும் 'பண்டாகாரம்' என்னும் வடசொல்லின் திரிபே. நம் 'பண்டாரம்' என்பதற்கு உறவுடையது.

தமிழ் வணிகரை மலாயர் 'கெலிங்' என்றனர். கலிங்கம் என்னும் நாட்டுப்பெயரின் திரிபு அது. தென்னாட்டிலிருந்து கடல் கடந்து சென்றார் அனைவரையும் குறித்தது. பிற்காலத்தில் அது இழிசொல்லாய் மாறிற்று. இன்றைய மலேசியத் தமிழர் அதனை ஏற்பதில்லை. பழைய ஏடுகளில் அது பெரும்பாலும் இனப்பெயராகவே நின்றது. சிற்சில இடங்களில் மட்டுமே அதன்மேல் கறை படியத் தொடங்குகின்றது. அவற்றுள் ஓரிடத்தை மேலே காண்போம்.

துறைமுகத்தின் முறைமை இத்தகையது. அரண்மனையின் முறைமையோ வேறு. மலாக்காச் சட்டநூலாகிய 'உண்டாங்-உண்டாங் மெலாக்கா' அரசனுக்கே உரிய சொற்கள் ஐந்து என்று வகுக்கின்றது. அவை திதா (அரசாணை), பாத்தேக் (அரசன்முன் தன்னைக் குறிக்கும் அடியேன்), மூர்க்கா (அரசசினம்), கர்னியா (கருணைக்கொடை), அனுகெரா (அருட்பேறு) என்பன. இவற்றுள் பின்னைய மூன்றும் முறையே மூர்க்கம், காருண்யம், அனுக்கிரகம் என்னும் வடசொற்களே எனத் தமிழறிஞர் எளிதில் உணர்வர். அரசன் திறத்தன்றி இவற்றைத் தம் பேச்சில் ஆள்வோர்க்குத் தண்டம் உண்டு. அரண்மனை அடியவனாயின் கொலையும், பிறனாயின் அறைதலும் விதிக்கப்பட்டன. சொல் ஒன்றை இடம் மாற்றிக் கூறியதற்குக் கொலைத்தண்டமா என நாம் மருளலாம். தொல்காப்பியர் எச்சவியலில் ஈ, தா, கொடு என்னும் மூன்றனையும் இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் என்னும் மூவர் கூற்றாகப் பிரித்து வைத்தமை நினைவுக்கு வருகின்றது. அவர் விதித்தது மரபு. மலாக்காவார் விதித்தது ஒறுப்பு. ஆனால் இரண்டிற்கும் அடியில் கிடக்கும் எண்ணம் ஒன்றே: பேசுவோன் நிற்கும் இடத்தை அவன் சொல்லே காட்டிவிடும் என்பது.

நிறத்திற்கும் குடைக்கும் இத்தகைய வரையறை இருந்தது. சுல்தான் முகம்மது சா காலத்தில் மஞ்சள்நிறம் அரசர்க்கே உரியதாயிற்று. ஆடையில் மட்டுமன்றித் திரைச்சீலை, தலையணையுறை முதலியவற்றிலும் பிறர் அதனை வழங்கலாகாது. எத்துணைச் செல்வராயினும் அரசன் அளித்தாலன்றிப் பொற்காப்பைக் காலில் அணிதல் கூடாது. வெண்குடை மஞ்சட்குடையினும் உயர்ந்தது. வெண்மை நெடுந்தொலைவிலும் புலப்படும் என்பது இதற்கு அவர் கூறிய காரணம்! ஆதலின் வெண்குடை அரசனுக்கு, மஞ்சட்குடை அரசிளங்குமரர்க்கு. அயல்நாட்டு ஓலைகளை ஏற்கும் முறையிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. பாசை, ஆரு என்னும் நாட்டு மன்னர் விடுத்த ஓலைகள் முழு முரசொலியுடன் யானைமேல் வந்தன. பிறநாட்டு ஓலைகளுக்குச் சில இசைக்கருவிகளும் மஞ்சட்குடையுமே போதும் எனக் கொண்டனர். ஓலைக்குச் செய்யும் சிறப்பு அதனை விடுத்த மன்னனுக்குச் செய்யும் சிறப்பாகக் கருதப்பட்டது.

மலாக்காத் தூதர் பிறர் அவைக்குச் சென்றகாலை என் செய்தனர்? சீனப் பேரரசரின் முகத்தை எவரும் நிமிர்ந்து நோக்கலாகாது என்பது அந்நாட்டு முறை. மலாக்காத் தூதரோ அவரைக் காண விழைந்தனர். தமக்கு விருப்பமான உணவு யாதென வினவப்பட்டபோது, காங்குங் என்னும் நீர்க்கீரையை நறுக்காமல் நீளமாகவே சமைத்துத் தரவேண்டும் என்றனர். கீரைத்தண்டை நுனியில் பற்றி உயர்த்தி, தலையை அண்ணாந்து வாயில் விடும்போது, அரியணையில் இருந்தாரைக் கண்டுகொண்டனர். இஃது உண்மையில் நிகழ்ந்ததென்று கொள்ள இடமில்லை. வரலாற்றுநூலார் நகைச்சுவைபடப் புனைந்த கதையாகலாம். எனினும் அயலவன் அறியாமையால் செய்யும் பிழையைப் பெருமன்னரும் பொறுப்பர் என்னும் நம்பிக்கை அதனுள் பொதிந்துள்ளது. இந்நம்பிக்கையை மனத்திற்கொண்டு நாம் எடுத்துக்கொண்ட இரு நிகழ்ச்சிகளுக்கு வருவோம்.

அவற்றைக் கூறும் நூல் 'செஜாரா மெலாயு' எனப் பெருவழக்காய் அறியப்படுவது. 'சுலாலத்துஸ் சலாத்தீன்' என்பது அதன் இயற்பெயர். 1612ஆம் ஆண்டளவில் சோகூரில் துன் செரி லானாங் என்பவர் மேற்பார்வையில் அது திருத்தி அமைக்கப்பட்டது. லேடன் என்பாரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1821இல் வெளிவந்தது; இராபிள்சு தொகுப்பில் உள்ள பழம்பிரதியை வின்சுடெட்டு 1938இல் பதிப்பித்தார். பிரதிகளிடையே வேறுபாடுகள் பல உண்டு. நிகழ்ச்சிகளின் போக்கு மட்டும் பெரும்பாலும் ஒத்தே காணப்படும்.

முதல் நிகழ்ச்சி இது. பறங்கியர் கலம் ஒன்று முதன்முதல் மலாக்காவை அடைந்தது. வரலாற்றில் நாம் அறிந்த வரவு 1509ஆம் ஆண்டில் நிகழ்ந்த தியோகோ லோபசு தெ செக்கேராவின் வரவாகும். நகர மக்கள் திரண்டு வந்து வெள்ளை வங்காளியர் வந்துள்ளனர் என்றனர். அயலாரைச் சூழ்ந்துகொண்டு தாடியை முறுக்கினர், தலையைத் தடவினர், தொப்பியைக் கழற்றினர். பிறர் தலையைத் தொடுதல் மலாயர்க்குப் பெரும் பிழை என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. தம் முறைமையைத் தம்மவரிடத்தன்றி அயலாரிடத்து நோக்காமை அம்மக்கள் இயல்பு போலும். கப்பல் தலைவன் பெண்டகாராவாகிய செரி மகாராசா துன் முத்தாகிரைக் கண்டான். அன்பின் மிகுதியால் பொற்சங்கிலி ஒன்றைத் தன் கையாலேயே அவர் கழுத்தில் அணிவித்தான். நாட்டின் தலைமை அமைச்சர் கழுத்தில் ஓர் அயலான் கை படுவதா எனச் சூழ இருந்தார் வெகுண்டனர். பெண்டகாரா அவர்களைத் தடுத்தார். முறைமை அறியாத மக்கள் அவர், பொருட்படுத்தற்க என்றார்.

இரண்டாவது நிகழ்ச்சி நோன்புப் பெருநாளில் நடந்தது. பெண்டகாராவும் பெருமக்களும் அரசன் வருகையை எதிர்நோக்கி அரண்மனை மண்டபத்தில் அமர்ந்திருந்தனர். அப்போது சாபந்தராகிய இராசா மெண்டலியார் அங்கு வந்தார். 'மெண்டலியார்' என்பது 'முதலியார்' என்பதன் திரிபு. மலாக்கா வணிகருள் செல்வத்தால் முதலிடம் பெற்றவர் அவர். பெண்டகாராவை வணங்கக் கை நீட்டினார். பெண்டகாரா அக்கையைத் தட்டிவிட்டார். இந்தக் கெலிங் முறைமை அறியாதவன் என்றும், அரசன் மண்டபத்தில் தன்னை வணங்குதல் தகுமோ என்றும், வணங்க விரும்பின் தன் இல்லத்திற்கு வரலாகாதோ என்றும் பலர் கேட்க உரைத்தார். முதலியார் நாணி, மறுமொழி கூறாது நின்றார்.

இரு கூற்றிலும் 'பஹாசா அறியாமை' என்னும் குற்றச்சாட்டே வருகின்றது. பறங்கியின் பிழை பெரிது. அவன் கழுத்தைத் தொட்டான். முதலியாரின் பிழை, பிழையென்றே கொள்ளினும், மிகுந்த பணிவின்பாற்பட்டது. பெரியது பொறுக்கப்பட்டுச் சிறியது கடியப்பட்டமைக்குக் காரணம் யாது?

செருக்கே காரணம் என்பர் பலர். வரலாற்றுநூலும் துன் முத்தாகிரின் ஆடைப்பெருமிதத்தையும் அழகுச்செருக்கையும் விரித்தே பேசுகின்றது. இக்கருத்தை மறுக்கவேண்டுவதில்லை, ஆயினும் இஃது ஒன்றே போதாது. வணக்கம் நிகழ்ந்த இடத்தை நோக்குக. அது அரசனது மண்டபம். அங்கு வணக்கத்திற்கு உரியவன் ஒருவனே. அவ்விடத்து அமைச்சன் வணக்கம் ஏற்பின், அவன் தன்னை அரசனாக எண்ணுகின்றான் என்று பழிப்பதற்கு ஒரு சான்று கிட்டிவிடும். இல்லத்திற்கு வா என்றது இதுபற்றியே. பறங்கி செய்த பிழை பெண்டகாராவின் பெருமையை மட்டுமே தீண்டிற்று. முதலியார் செய்தது அவர் உயிரையே தீண்டக்கூடியது. பின்னர் எழுந்த பழியும், அவர் அரசைக் கவர எண்ணினார் என்பதாகவே அமைந்தமை இக்கருத்துக்கு அரணாகின்றது.

மற்றொன்றும் உண்டு. பறங்கி அன்று வந்தவன். முதலியார் நகரில் வேரூன்றியவர், சாபந்தர் பதவியினர், அயலார்க்கு அவைமுறை கற்பிக்கும் கடமையுடையவர். அயலவனுக்கு அறியாமை ஒரு காப்பு. உள்ளூரவனாகிவிட்டவனுக்கு அக்காப்பு இல்லை. ஆயினும் சினம் வந்தவழி அவனை மீண்டும் அயலவனாக்க 'கெலிங்' என்னும் ஒரு சொல் போதுமானதாயிற்று. இவ்விரண்டுங்கெட்ட நிலையே பல இனத்தார் வாழும் நகரங்களில் நெடுங்காலம் குடியிருந்தார் எய்தும் இடர். அச்சொல்லைக் கூறியவர் யார் என்று நினைக்கும்போது இந்நிகழ்ச்சி இன்னும் கூர்மை பெறுகின்றது. துன் முத்தாகிரின் தந்தை துன் அலி. துன் அலியின் தந்தை மணி புரிந்தன். அவர் கெலிங் நாட்டிலிருந்து மலாக்காவிற்கு வந்து, மலாய்ப் பெருங்குடியில் மணந்து நிலைத்தவர். இசுலாமும் மணவுறவும் இரு தலைமுறைகளில் அவர் வழியினரை மலாயராக்கின. பாட்டன் வந்த கரையின் பெயரே பேரன் வாயில் வசைச்சொல்லாயிற்று.

இனி, பின் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறுவோம். முதலியார்க்கும் நைனா சூரதேவன் என்னும் மற்றொரு வணிகர்க்கும் வழக்கொன்று எழுந்தது. சூரதேவன் பெண்டகாராவிற்குப் பொன் அளித்தார் என்று அறிந்த முதலியார், தமக்குத் தீர்ப்பு மாறாகும் என அஞ்சி, கடற்படைத் தலைவராகிய இலக்குமணாவிற்கு அதனினும் மிக்க பொன்னை அளித்து, பெண்டகாரா அரசத்துரோகம் எண்ணுகின்றார் என அரசன் செவியில் ஓதச் செய்தார். சுல்தான் மகமூது சா முன்னரே கறுவுகொண்டிருந்தான். பெண்டகாரா தம் அழகிய மகள் துன் பாத்திமாவை முதலில் தனக்குக் காட்டாது பிறனுக்கு மணம் செய்வித்தார் என்பது அக்கறுவு. அதுவும் முறைமை பற்றிய மனக்குறையே. 1510இல் அரசனது குத்துவாள் வெள்ளித்தட்டில் ஏந்தப்பட்டுப் பெண்டகாராவின் மனையை அடைந்தது. சுற்றத்தார் எதிர்க்க எழுந்தனர். மலாயர் அரசனுக்கு மாறாகக் கை எடுத்ததில்லை என்று கூறி அவரைத் தடுத்துத் தாமும் மடிந்தார். பழி பொய்யெனத் தெரிந்ததும் அரசன் முதலியாரையும் குடும்பத்தோடு கொன்றான். 1511 ஆகஸ்டில் அல்புக்கர்க்கு நகரைக் கைப்பற்றினார்.

இவ்வரலாற்றை எவ்வளவு நம்பலாம்? நூலைத் தொகுத்த துன் செரி லானாங் பெண்டகாரா மரபினர். துன் முத்தாகிரைத் தம் முன்னோர் வரிசையில் வைத்து முகவுரையில் கூறிக்கொள்பவர். எனவே தம் முன்னோரை மாசற்றவராகவும் பழி சுமத்திய வணிகரைக் கொடியவராகவும் காட்ட அவருக்குக் காரணம் இருந்தது. பிரெஸும் மன்னன் தன் பெண்டகாராவைக் கொன்றதைக் குறிப்பிடுதலின் கொலை உண்மை. வணிகர் சூழ்ச்சியே அதற்கு முழுக்காரணம் என்பதை அவ்வாறு உறுதியாகக் கொள்ளல் இயலாது. ஆயினும் தம் முன்னோர் ஒருவரின் கடுஞ்சொல்லை அந்நூலார் மறைக்கவில்லை என்பது குறிக்கத்தக்கது. குடிப்பெருமை பேச வந்தவர், அக்குடிக்கு இழுக்குத் தரும் செய்தியை வேண்டுமென்று புனைந்திரார். ஆதலின் கை தட்டிவிடப்பட்ட நிகழ்ச்சி, குடும்ப வழக்கில் வாய்மொழியாக வந்த உண்மைச் செய்தியாதல் கூடும் என்பது என் துணிபு.

போர்த்துகீசியர் ஆட்சியில் நைனா சத்து என்னும் இந்து வணிகர் பெண்டகாராவாக அமர்த்தப்பட்டார். அவரை 'நினா சத்து' என அவர்கள் எழுதினர். 'நயினார்' என்னும் சிறப்புப்பெயர் அவ்வாறு குறுகிற்று. 1514இல் அப்பதவியைக் கம்பார் அரசர்க்கு மாற்றப் போர்த்துகீசியர் முடிவு செய்தனர். செய்தி அறிந்த நைனா சத்து, நறுமண மரங்களை அடுக்கித் தீ மூட்டி, சிறந்த ஆடை உடுத்து, தாம் ஆற்றிய தொண்டையும் பெற்ற கைம்மாற்றையும் மக்கள் கேட்க உரைத்து, அத்தீயில் பாய்ந்தார் எனப் போர்த்துகீசிய ஆசிரியர் எழுதினர். வடக்கிருந்து உயிர்நீத்த சங்ககால மானத்தை நாம் இங்கு நினைப்போம். போர்த்துகீசியர்க்கு அது ஓர் அலுவல் மாற்றம். அவருக்கோ அவைநடுவே தட்டிவிடப்பட்ட கை. முதலியார் நாணத்தை உள்ளடக்கிப் பழிவாங்கினார். நைனா சத்து அதனை வெளிப்படுத்தித் தம்மை மாய்த்தார்.

அவ்வணிகருள் மலாய் மகளிரை மணந்து அங்கே தங்கியோரின் வழித்தோன்றல்களாக மலாக்காச் செட்டிகள் என்னும் சிறுகுடியினர் இன்றும் வாழ்கின்றனர். வீட்டில் அவர் பேசுவது மலாய்; மகளிர் மரபுடை சாரோங்கும் கெபாயாவும். சமயமோ சைவம். ஒல்லாந்தர் காலத்தில், 1781இல், அவர் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில், 1748இல் தோன்றிய கம்போங் கிளிங் பள்ளிவாசலும் அதனினும் பழைய செங் கூன் தெங் சீனக்கோயிலும் நிற்கும் தெருவிலேயே நிற்கின்றது. மாரியம்மன் விழாவை அவர் 'டத்தோ சாச்சார்' என்பர். சாச்சார் என்பது வைசூரி. டத்தோ என்பது மலாயர் பெரியோர்க்கு வழங்கும் மதிப்புச்சொல். போகியன்று வாழையிலையில் மலாய் உணவுவகைகளையும் படைத்து முன்னோரை வணங்குவர்.

மணம் பேசும் முறையில் இவ்விரு மக்கட்கும் உள்ள ஒற்றுமை தனித்து ஆராயத்தக்கது. மலாயில் பெண் கேட்டலை 'மெமினாங்' என்பர்; பினாங் என்னும் பாக்கின் பெயரடியாகப் பிறந்த வினை அது. நம்மவர் நிச்சயதாம்பூலம் என்கின்றனர். மணமக்களைக் குறிக்கும் 'மெம்பெலை' என்னும் சொல் நம் 'மாப்பிள்ளை' என்பதிலிருந்து சென்றது என அறிஞர் கூறுவர். கப்பல், கடை, முதல், பெட்டி ஆகிய வணிகச் சொற்கள் காப்பால், கெடை, மொடால், பெத்தி என மலாயில் நிலைத்தன. சரக்கோடு சென்ற சொற்கள் இவை. மலாய் நூல்களின் முன்னுரைக்கு 'செகாப்பூர் சீரே' என்று தலைப்பிடும் வழக்கும் உண்டு. சுண்ணாம்பு தடவிய ஒரு வெற்றிலை மடிப்பு என்பது அதன் பொருள். நூலுக்குள் புகுவானை வாயிலில் நின்று வெற்றிலை கொடுத்து வரவேற்கின்றனர்.